32 ஓட்டை, 750 சுற்று: வீட்டில் இயந்திரத் தொலைக்காட்சி கட்டுவோருக்குக் கேள்வி பதில்

கே: முதல் செட் இது. இயந்திரத் தொலைக்காட்சியின் முன்னோடி ஜான் லோகி பேர்டு மாதிரியே 30 கோடு போடலாமா சார்?

32 போடுங்கள். இந்த செட்டில் சுருளாக ஓட்டை போட்ட ஒரு வட்டு எல்இடி வெளிச்சத்தின் முன் சுழலும்; ஒவ்வொரு ஓட்டையும் படத்தின் ஒரு கோட்டை வரையும். பேர்டின் 30 கோட்டு முறையில் பிபிசி 1935 வரை ஒளிபரப்பியது, அதோடு சரி. இன்றைய ஆர்வலர்கள் 32 கோடு, நொடிக்கு 12.5 படம், அதாவது வட்டு நிமிடத்துக்கு 750 சுற்று என்ற அளவைத்தான் பின்பற்றுகிறார்கள். படத்தை ஒலி சிக்னலாகப் பதிந்த சோதனைக் கோப்புகளும் அதில்தான் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு: காம்பஸால் வட்டத்தை அடுத்தடுத்து ஐந்து முறை பாதியாக்கினால் 32 பங்கு, ஒவ்வொன்றும் 11.25 டிகிரி. 30-க்கு இந்தச் சுகம் கிடையாது.

கே: டிஸ்க்கின் அளவு, ஓட்டைகளின் அளவு சொல்லுங்கள்.

செட்டின் உயிரே இதில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 0.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் 280 மி.மீ. விட்டமுள்ள வட்டு. முதல் ஓட்டை மையத்திலிருந்து 130 மி.மீ.யில். அடுத்தடுத்த ஓட்டை ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. உள்ளே தள்ளி வர வேண்டும், 32-ஆவது 114.5 மி.மீ.யில் முடியும். படம் சுமார் 24 மி.மீ. உயரம், 16 மி.மீ. அகலம். தபால்தலை அளவுதான், முன்னால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

0.5 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்3 திருகின் புரி இடைவெளி 0.5 மி.மீ. வட்டு அச்சில் சுழலட்டும். அந்த அச்சை டிரில்லை நோக்கித் தள்ளும் ஒரு சறுக்குப் பலகையை எம்3 திருகால் நகர்த்துங்கள். ஒரு ஓட்டை போட்டதும் வட்டை 11.25 டிகிரி திருப்பி, திருகை ஒரு முழுச் சுற்று. ஸ்கேல் வைத்து அளந்து இந்தத் துல்லியத்தை எட்ட முடியாது. திருகை எப்போதும் ஒரே பக்கமாகவே திருப்புங்கள்; பின்னால் திருப்பினால் புரியின் ஆட்டம் அளவைக் கெடுத்துவிடும்.

பிசிபி (மின்சுற்றுப் பலகை) துளைக்கும் 0.5 மி.மீ. பிட், ஸ்டாண்டில் பூட்டிய டிரில். கையில் பிடித்துத் துளைத்தால் பிட் ஒடியும். கறுப்பு மேட் பெயின்டை முதலிலேயே அடித்துவிடுங்கள். பிறகு அடித்தால் ஓட்டை அடைபடும்.

கே: லேசர் கட்டிங்கில் 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டித் தருகிறார்கள். ஆகுமா?

ஆகாது. 3 மி.மீ. ஆழத்தில் அரை மி.மீ. துளை ஒரு குழாய் மாதிரி. நேர் எதிரே கண் வைத்தால் மட்டும் வெளிச்சம் தெரியும், தலை அசைந்தால் படம் மறையும்.

கே: படத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, பக்கத்திலேயே ஒரு வெளிச்சக் கோடு. சர்க்யூட்டை மூன்று முறை பார்த்துவிட்டேன் அண்ணா.

சர்க்யூட்டை விடுங்கள், வட்டைப் பாருங்கள். ஒரு ஓட்டை மையத்திலிருந்து இருக்க வேண்டிய தூரத்திலிருந்து விலகியிருக்கிறது. 0.1 மி.மீ. பிசகினாலே கோட்டின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பக்கம் இடைவெளி விட்டுக் கறுப்பு, மறுபக்கம் அடுத்த கோட்டின் மேல் ஏறி வெளிச்சம். கோணம் 0.1 டிகிரி தவறினால் அந்தக் கோடு மேலோ கீழோ 0.2 மி.மீ. நகரும், கண் அதைப் பொருட்படுத்தாது. கறுப்பு மட்டும் தெரிந்தால் தூசி. மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள்.

கே: எல்இடியை ஆர்டுயினோ பிடபிள்யூஎம் மூலம் ஓட்டினேன். வெறும் பட்டைகள்தான் தெரிகின்றன.

பிடபிள்யூஎம் என்பது எல்இடியை வேகமாக ஏற்றி அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. ஆர்டுயினோ ஊனோவில் அது பெரும்பாலான பின்களில் சாதாரணமாக 490 ஹெர்ட்ஸ். உங்கள் கோடுகளே நொடிக்கு 400. கோட்டுக்கு 48 புள்ளி என்று வைத்தால் நொடிக்கு 19,200 புள்ளிகள். டைமரை மாற்றி 62.5 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஒப்பேறும். என்னைக் கேட்டால் பிடபிள்யூஎம்மே வேண்டாம்: படக் கோப்பைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, சவுண்ட் கார்டு சிக்னலைப் பெருக்கி ஒரு பிடி139 டிரான்சிஸ்டர் வழியாகக் கரண்டையே ஏற்றி இறக்குங்கள். மூன்று மூன்றாக நான்கு வரிசை வெள்ளை எல்இடி, வரிசைக்கு ஒரு 22 ஓம், 15 வோல்ட், முன்னால் டிரேசிங் பேப்பர்.

கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும். எம்பி3 சுருக்கம், கோடு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிங்க் துடிப்பின் விளிம்பை மழுக்கிவிடும். நெகட்டிவ் படம் வந்தால் சிக்னலைத் தலைகீழாக்குங்கள்.

கே: படம் நிற்கவே மாட்டேன் என்கிறது. மோட்டார் 750-லேயே ஓடுகிறது.

“ஏறக்குறைய 750” போதாது. 751 ஓடினாலே படம் சுமார் 2 நொடிக்கு ஒரு முறை மேலும் கீழுமாக உருளும், நிமிடத்தில் பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று நகர்ந்துவிடும். வட்டின் ஓரத்தில் 136 மி.மீ.யில் 32 பெரிய ஓட்டை போட்டு, அவை கடப்பதை ஒளியால் உணரும் ஆப்டோ சென்சார் வையுங்கள். அதன் 400 ஹெர்ட்ஸையும் படத்தின் கோட்டுச் சிங்க்கையும் 4046 ஐசியில் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி மோட்டாரை ஓட்டுங்கள். பழைய கேசட் மோட்டாரில் உள்ளேயே வேகக் கட்டுப்பாடு இருக்கும், அது உங்கள் சர்க்யூட்டோடு மல்லுக்கு நிற்கும், தவிருங்கள்.

பூட்டிய பிறகும் முகம் இரண்டாகப் பிளந்து, பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் தெரியலாம். வேறு கோட்டில் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். மோட்டாருக்குப் போகும் கரண்டை ஒரு பட்டனால் நொடிப்பொழுது துண்டியுங்கள். கோடு கோடாக நழுவிச் சரியான இடத்துக்கு வரும்.

கே: எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிகின்றன.

வட்டைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். படம் அப்படியே தலைகீழாகச் சுழன்றிருந்தால் மோட்டார் வயர்களை மாற்றினால் போதும். படம் பார்க்கும் ஜன்னல் வட்டின் வலப்பக்கம் இருந்தால் வட்டு இடஞ்சுழியாக ஓட வேண்டும், வெளி ஓட்டை முதலில் வர வேண்டும்.

கே: போனில் வீடியோ எடுத்தால் ஒரு துண்டுதான் பதிவாகிறது.

ஒரு முழுப் படத்துக்கு 80 மில்லிநொடி ஆகும். போனின் ஷட்டர் அதற்கு முன்பே மூடிவிடுகிறது. வீடியோவுக்குப் பதில், ப்ரோ மோடில் ஷட்டரை 1/12 நொடி வைத்துப் போட்டோ எடுங்கள். அறையை இருட்டாக்குங்கள். வலிப்பு உள்ளவர்களை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள், 12.5 முறை மினுக்கு அவர்களுக்கு ஆபத்து.