டேனிஷ் வரைபடத்தில் திசைகளும் துருவங்களும்: பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள்

கேள்வி: சென்னையில் அச்சு வடிவமைப்பு வேலை செய்கிறேன். டென்மார்க் கிளையன்ட் ஒருவருக்காகச் சிறுவர்களுக்கான உலக வரைபடச் சுவரொட்டி தயாராகிறது. ஆங்கிலச் சொற்பட்டியலைத் தந்து, டேனிஷில் நீங்களே போட்டு அனுப்புங்கள், கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இணைய அகராதிகளில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொற்கள் வருகின்றன. வட துருவம் ஓரிடத்தில் ‘நோர்ட்போல்’, இன்னோரிடத்தில் ‘நோர்ட்போலென்’. வடக்குப் பகுதி சார்ந்தது என்பதற்கு ‘நோர்ட்லிக்’, ‘நோர்டிஸ்க்’ என்று இரண்டு. துருவம் என்று தேடினால் ‘போலாக்’, ‘ஸ்டாங்’ என்றெல்லாம் வருகிறது. திசைகாட்டிப் படத்தில் கிழக்குக்கு எந்த எழுத்து போடுவது? எதை நம்புவது?

பதில்: அகராதிகள் பொய் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் பட்டியல்தான் அரைகுறை. ஒரு சொல் வரைபடத்தில் எந்த இடத்தில், எதற்காக உட்கார்கிறது என்று தெரியாமல் அதற்கு டேனிஷ் போட முடியாது. கடலின் பெயரா, அம்புக்குறியின் பக்கத்தில் வரும் குறிப்பா, காற்றா, ஊர்ப்பெயரா என்பதைப் பொறுத்து ‘வடக்கு’ ஐந்தாறு உருவம் எடுக்கும். டேனிஷ் சொற்களை இங்கே எழுத்துக்கூட்டலை ஒட்டித் தமிழில் எழுதுகிறேன். உச்சரிப்பு வேறு கதை. ‘நோர்ட்’ என்பதில் கடைசி எழுத்தை டேனிஷ்காரர்கள் சொல்லவே மாட்டார்கள், ‘நோர்’ என்று நிறுத்திவிடுவார்கள். சுவரொட்டிக்கு அது தேவையில்லை.

முதலில் துருவம். ஆங்கிலத்தில் ‘போல்’ என்று எழுதினால் துருவம், கம்பம், போலந்து நாட்டுக்காரர் மூன்றுமே வரும். டேனிஷில் மூன்றும் தனித்தனி. போலந்துக்காரர் ‘போலாக்’. கம்பத்திலும் ஒரே சொல் கிடையாது: கொடிக்கம்பமும் கூடாரக் கம்பும் ‘ஸ்டாங்’, பனிச்சறுக்கில் கையில் பிடிக்கும் கோல் ‘ஸ்டாவ்’, தெருவிளக்குக் கம்பம் ‘பேல்’. துருவம் மட்டும்தான் ‘போல்’. பூமியின் துருவம், காந்தத்தின் துருவம், பேட்டரியின் முனை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். போலாக்கையும் ஸ்டாங்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

அடுத்து அந்த ‘என்’ விகுதி. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டுவதற்கு ஆங்கிலத்தில் முன்னால் ஒரு தனிச்சொல் வரும். டேனிஷில் அது பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். உலகில் வட துருவம் ஒன்றுதானே, அதனால் வரைபடத்தில் அது எப்போதும் ‘நோர்ட்போலென்’, தென் துருவம் ‘ஸ்யூட்போலென்’. இரண்டும் இடப்பெயர்கள், முதல் எழுத்து பெரிய எழுத்து. விகுதி இல்லாத ‘நோர்ட்போல்’ காந்தத்தின் வடமுனை போன்ற பொதுச்சொல், அதற்குச் சிறிய எழுத்து. முன்னால் ஒரு பெயரடை வந்தால் வால் கழன்று, ‘டென்’ என்ற சொல் முன்னே வந்து நிற்கும். காந்த வட துருவத்தைக் காட்டுகிறீர்கள் என்றால் ‘டென் மக்னெடிஸ்கே நோர்ட்போல்’ என்று எழுத வேண்டும். அங்கே ‘நோர்ட்போலென்’ போட்டால் பிழை. அகராதிகள் இரண்டு வடிவம் தந்ததன் காரணம் இவ்வளவுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, வடிவமைப்பாளர்களுக்கென்றே வைத்தது போல. ‘போலென்’ என்று பெரிய எழுத்தில் தனியாக எழுதினால் அது போலந்து நாடு. உங்கள் வரைபடத்தில் போலந்தும் இருக்கும். வட துருவத்தின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு, இடம் போதவில்லை என்று இரண்டு வரியாக உடைத்தீர்கள் என்றால், ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவே ‘நோர்ட்’ என்றும் அதன் கீழே ‘போலந்து’ என்றும் குழந்தைகள் படிப்பார்கள். ஃபான்டைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை, பெயரை உடைக்காதீர்கள்.

இனி திசைகாட்டி. நான்கு திசைகள்: நோர்ட், ஓஸ்ட், ஸ்யூட், வெஸ்ட். கிழக்கின் முதல் எழுத்து சாதாரண ஓ இல்லை, குறுக்கே கோடு போட்ட ஓ. இனி அதைக் ‘கோட்டு ஓ’ என்கிறேன். ஆக, டேனிஷ் பள்ளி வரைபடத்தில் மேலே என், வலப்பக்கம் கோட்டு ஓ, கீழே எஸ், இடப்பக்கம் வி. ஆங்கிலத்தின் ஈ-யும் டபிள்யூவும் ஜிபிஎஸ் கருவிகளில் சர்வதேச வழக்கமாக இருக்கின்றன, ஆனால் டேனிஷ் குழந்தைக்கு வரையும் திசைகாட்டியில் அவற்றுக்கு வேலை இல்லை. டென்மார்க் சாலைப் பலகைகளில் ஈ20, ஈ45 என்று பார்த்திருந்தால் குழம்ப வேண்டாம், அந்த ஈ ஐரோப்பிய நெடுஞ்சாலை எண்ணுக்கானது. கிழக்கைச் சொல்ல அங்கே கோட்டு ஓ தான். ஓடென்சே நகரின் தென்கிழக்குப் பகுதிக்கான அஞ்சல் முகவரியே ‘5220 ஓடென்சே’ என்று எழுதி, எஸ்ஸும் கோட்டு ஓவும் சேர்த்து முடிகிறது.

கோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ‘ஒஸ்ட்’ என்றால் டேனிஷில் பாலாடைக்கட்டி. சீஸ் கிழக்கில் உதிக்கிறது என்று ஒரு டேனிஷ் ஆசிரியர் வகுப்பில் சிரிக்கும்படி ஆகிவிடும். கோட்டுக்குப் பதில் மேலே இரண்டு புள்ளி வைப்பதும் கூடாது, அது ஸ்வீடன்காரர்களும் ஜெர்மானியர்களும் எழுதும் எழுத்து. பொறியியல் வரைபடங்களில் வரும் விட்டக் குறியும் கணிதத்தின் வெற்றுக்கணக் குறியும் பார்க்க இதே போலத்தான் இருக்கும். ஆனால் அவை வேறு குறியீடுகள், ஃபான்ட் மாற்றினால் கட்டமாகிவிடும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0216 அடித்தால் பெரிய கோட்டு ஓ, 0248 அடித்தால் சிறியது. மேக்கில் ஆப்ஷன் விசையோடு ஓ, பெரியதற்கு ஷிஃப்டும் சேர்த்து. எண்ணும் எழுத்தும் கலந்த ஃபான்டில் பூஜ்யத்துக்கும் கோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் இருக்கும்.

இடைத்திசைகளில் வடக்கு, தெற்குக்குத்தான் முதலிடம்: நோர்டோஸ்ட், நோர்ட்வெஸ்ட், ஸ்யூடோஸ்ட், ஸ்யூட்வெஸ்ட். ஒரே சொல்லாக, நடுவில் சிறுகோடு இல்லாமல். சுருக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டு ஓ தனியாக நின்றால் தீவு என்று பொருள். எஸ்ஸோடு சேர்ந்தால் ஏரி. ஆகவே தென்கிழக்கின் சுருக்கமும் ஏரியும் எழுத்தில் ஒன்றே. திசை என்றால் இரண்டும் பெரிய எழுத்தாக இருக்கட்டும். ஏரிகளின் பெயர்களை முழுப் பெரிய எழுத்தில் அமைக்கும் ஸ்டைலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திசைகாட்டிப் பெட்டிக்குத் தலைப்பு வேண்டுமானால் ‘டே ஃபீர் வெர்டென்ஸ்யோர்னெர்’ என்று போடலாம், உலகத்தின் நான்கு மூலைகள் என்று பொருள். அவர்கள் இயல்பாகச் சொல்வது அதுதான். அந்தப் படம் ‘கொம்பாஸ்ரோசே’, முள் ‘கொம்பாஸ்நோல்’, காந்த வடக்குக்கும் புவியியல் வடக்குக்கும் உள்ள விலக்கம் ‘மிஸ்விஸ்னிங்’.

உங்கள் பட்டியலில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் நோர்ட்லிக், நோர்டிஸ்க் என்ற இரட்டைதான். இரண்டையும் ஆங்கிலத்தின் ஒரே சொல்லுக்கு எதிரே அகராதி போட்டிருக்கலாம், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது. நோர்ட்லிக் என்றால் வடக்கில் இருப்பது, வெறும் இருப்பிடம். நோர்டிஸ்க் என்றால் நோர்டிக் நாடுகளைச் சேர்ந்தது: டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து, கூடவே கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள், ஓலாண்ட். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் ‘நோர்டென்’, பெரிய எழுத்தோடு. ஆகவே வட அரைக்கோளம் ‘டென் நோர்ட்லிகே ஹால்வ்கூக்ளே’. அங்கே நோர்டிஸ்கே போட்டால் அரை உலகத்தையும் ஸ்காண்டிநேவியாவுக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. தென் அரைக்கோளத்துக்கு ‘ஸ்யூட்லிகே’.

நாடு, கண்டங்களின் பெயர்களில் ‘லிக்’ வராது, திசை நேரே ஒட்டிக்கொள்ளும்: நோர்டமெரிகா, ஸ்யூடாஃப்ரிகா, ஸ்யூட்கொரியா, வெஸ்டாஃப்ரிகா. தனியாக நிற்கும் திசைச் சொல்லுக்குச் சிறிய எழுத்து. ஆனால் ‘ஸ்யூடென்’ என்று விகுதியோடு பெரிய எழுத்தில் வந்தால், அது டேனிஷ்காரர்கள் குளிருக்குத் தப்பி விடுமுறைக்குப் போகும் வெயில் ஊர்கள், முக்கியமாக மத்தியதரைக் கடல் பக்கம். தென்கோடியில் அதைப் போட்டுவிடாதீர்கள், அண்டார்டிகா சுற்றுலாத் தலமாகிவிடும்.

கடல்களில் டேனிஷ்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு திசை சொல்வார்கள். பால்டிக் கடல் அவர்களுக்கு ‘ஓஸ்டர்சோயென்’, கிழக்குக் கடல். வட கடலுக்கு ‘நோர்ட்சோயென்’ என்ற பெயர் உண்டு, ஆனால் டென்மார்க்கின் தீபகற்பமான ஜட்லாந்தின் மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு அது ‘வெஸ்டர்ஹாவெட்’, மேற்குக் கடல். உலக வரைபடத்தில் நோர்ட்சோயென் போடுங்கள். டென்மார்க்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் உள்படம் இருந்தால் எது வேண்டும் என்று கிளையன்டைக் கேட்டுவிடுங்கள், அங்கே இது பழக்கமும் ஊர்ப்பாசமும் சம்பந்தப்பட்டது.

அந்த உள்படத்தில் இன்னொரு விஷயமும் தலைகாட்டும். பழைய இடப்பெயர்களில் நோர்டும் ஸ்யூடும் இருக்காது, நோர்ரே, ஸோண்டர், ஸோண்ட்ரே என்ற பழைய வடிவங்கள் இருக்கும். கோபன்ஹேகனின் நோர்ரேபுரோ, வெஸ்டர்புரோ, ஓஸ்டர்புரோ மூன்றும் பழைய நகரத்தின் வடக்கு, மேற்கு, கிழக்கு வாசல்களுக்கு வெளியே வளர்ந்த பகுதிகள். வாசல்கள் போய்விட்டன, நோர்ரேபோர்ட், வெஸ்டர்போர்ட், ஓஸ்டர்போர்ட் என்ற பெயர்கள் ரயில் நிலையங்களில் நிற்கின்றன. இவற்றை இன்றைய இலக்கணத்துக்கு ‘திருத்தி’விடாதீர்கள். ஸோண்டர்யூலாண்டும் ஸ்யூட்யூலாண்டும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. இரண்டும் தெற்கு ஜட்லாந்துதான், ஆனால் ஸோண்டர்யூலாண்ட் என்றால் 1864 போருக்குப் பின் கைநழுவி, 1920-இல் வாக்கெடுப்பு நடத்தி டென்மார்க்கோடு மீண்டும் சேர்ந்த எல்லைப் பகுதியின் நினைவு கூடவே வரும்.

கிரீன்லாந்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கிறது. காங்கெர்லுசுவாக் என்ற ஊரின் டேனிஷ் பெயர் ஸோண்ட்ரே ஸ்ட்ரோம்ஃப்யோர்ட், ‘தெற்கு நீரோட்டக் குடா’. அந்த ஊர் இருப்பதோ ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. நோர்ட்ரே ஸ்ட்ரோம்ஃப்யோர்ட் என்ற இன்னொரு குடா அதற்கு மேலே இருப்பதால் இது தெற்கு, அவ்வளவுதான். இன்றைய வரைபடத்தில் கிரீன்லாந்து ஊர்களுக்கு கிரீன்லாந்துப் பெயரையே போடுங்கள், டேனிஷ் பெயர் தேவைப்பட்டால் அடைப்பில்.

சுவரொட்டியில் வரலாற்றுக் குறிப்பாகத் தரங்கம்பாடி வருகிறது என்றால் இங்கே ஒரு விதிவிலக்கு. 1616-இல் தொடங்கிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியை ‘ஒஸ்டின்டிஸ்க் கொம்பக்னி’ என்று கோடு இல்லாத ஓ போட்டு எழுதுவதை டேனிஷ் நூல்களில் நிறையவே பார்க்கலாம். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ட்ராங்கெபார் (நம் தரங்கம்பாடி) உள்ளிட்ட இடங்களை ‘டான்ஸ்க் ஒஸ்டின்டியென்’ என்பார்கள். பழைய கடல் வணிக மொழியின் மிச்சம் அது. சீஸ் இந்தியா என்று பதறிப்போய் நீங்களாகக் கோடு போட வேண்டாம்.

அம்புக்குறிகளுக்கும் சிறு வாசகங்களுக்கும் வருவோம். வடக்கு நோக்கி என்றால் ‘மோட் நோர்ட்’. ஒன்றுக்கு வடக்கே என்றால் ‘நோர்ட் ஃபோர்’, பின்னால் ஊர்ப்பெயர். பேச்சில் ‘நோர்ட்போ’ என்பதும் உண்டு, வடக்குப் பக்கமாக என்று. காற்று மட்டும் வாடையைப் போல, வரும் திசையால் பெயர் பெறும். வடக்கிலிருந்து வருவது நோர்டென்வின்ட், மேற்கிலிருந்து வெஸ்டென்வின்ட். தெற்கிலிருந்து வருவதை ஸ்யூடென்வின்ட் என்று நீங்களாக உருவாக்கிவிடாதீர்கள், ‘ஸோண்டென்வின்ட்’ என்பதே வழக்கு.

துருவப் பிரதேசச் சொற்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஆர்க்டிக் வட்டம் ‘போலார்சிர்க்லென்’. தெற்கிலும் ஒன்று இருப்பதால் இரண்டும் வரைபடத்தில் தெரிந்தால் முன்னால் டென் நோர்ட்லிகே, டென் ஸ்யூட்லிகே சேர்த்து, ‘போலார்சிர்கெல்’ என்று வாலை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன அதே விதிதான். பிரதேசங்கள் ஆர்க்டிஸ், அன்டார்க்டிஸ். வட துருவ ஒளி ‘நோர்ட்லூஸ்’. துருவக் கரடிக்குப் ‘போலார்’ வராது, ‘ஈஸ்பியோர்ன்’, பனிக்கட்டிக் கரடி. ஆனால் ஆர்க்டிக் நரி ‘போலார்ரேவ்’. ஏன் கரடிக்கு மட்டும் விலக்கு என்று கேட்டால் மொழிக்கு அதெல்லாம் தோன்றுவதில்லை.

ப்ரூஃபுக்கு முன் இடப்பெயர்களின் அகரவரிசைப் பட்டியலைப் பாருங்கள். டேனிஷில் இசட்டுக்குப் பிறகு மூன்று எழுத்துகள் உண்டு: ஏ-யும் ஈ-யும் ஒட்டியது, கோட்டு ஓ, மேலே வளையம் வைத்த ஏ, இதே வரிசையில். மென்பொருளில் மொழியை டேனிஷ் என்று தேர்ந்தெடுக்காமல் வரிசைப்படுத்தினால் ஓஸ்டர்சோயென் ஓடென்சேவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அது சூரிக்குக்கும் பிறகு, பட்டியலின் அடியில் வர வேண்டியது. கிளையன்டுக்கு அனுப்பும்போது எக்செல் பட்டியலை அனுப்பாமல் பெயர்கள் இடத்தில் உட்கார்ந்த பிடிஎஃபை அனுப்புங்கள்.