டிராஃபிக்கில் மட்டும் ஹீட் ஆகிறதா? ரேடியேட்டரை மாற்றுமுன் ஃபேனைப் பாருங்கள்

பழைய கார் சூடேறுவது பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இன்ஜினைப் பிரிக்கும் முன் வயரைப் பார்க்கிற ஆள். தொடங்குமுன் ஒன்று: ஃபேன் இறக்கை பக்கம் கை கொண்டு போவதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றுகிற ஃபேன்கள் உண்டு.

கேள்வி (திண்டுக்கல், மாருதி 800, 2004 மாடல்): நான்கு வழிச்சாலையில் 80-ல் போனால் டெம்பரேச்சர் முள் பாதியில் அசையாமல் நிற்கிறது. ஊருக்குள் வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாட்டிக்கொண்டால் சில நிமிடத்தில் மேலே ஏறுகிறது. ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா சார்?

பொறுங்கள். நீங்கள் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். 60-க்கு மேல் ஃபேனுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. நின்றால்தான் ஃபேன் வேண்டும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாவிட்டாலோ, இன்ஜின் அதிகமாக உழைக்கிற ஹைவேயில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஆகவே முதல் சந்தேகம் ஃபேன்தான்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட் வாய் வரை இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டப்பாவில் அளவு சரியாக இருந்து ரேடியேட்டர் காலியாக இருக்கிற வண்டிகள் நிறைய வரும். கூலண்ட் குறைந்தால், சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் முங்காமல் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதித்தாலும் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனும் வராது. இதைப் பார்க்காமல் ஃபேனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அளவு சரி என்றால் மூடியை மூடி, ஏ.சி. இல்லாமல் வாசலில் ஐடிலிங்கில் விடுங்கள். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் ஃபேன் வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இது 90-லிருந்து 100 டிகிரிக்குள் நடக்கும். சில நிமிடம் ஓடி, சூட்டை இறக்கி, நின்று, மறுபடி வரும். முள் முக்கால் தாண்டியும் சத்தமே இல்லை என்றால் இன்ஜினை அணையுங்கள். கோளாறு ஃபேன் சர்க்யூட்டில்தான்.

அடுத்து எங்கே தேடுவது? நான் எப்போதும் மோட்டாரிலிருந்து பின்னோக்கி வருவேன். மோட்டார் கப்ளரை (வயர்கள் சேருகிற பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுங்கள். பாசிட்டிவ் வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் பிழைத்தது, கோளாறு ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டை ஆன் செய்கிற சுவிட்ச்), சென்சார், எர்த் இவற்றில் ஒன்று. சுற்றாவிட்டால் மோட்டாரே போய்விட்டது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி (மதுரை, ஜென்): நேர் வயர் கொடுத்தால் ஃபேன் நன்றாக ஓடுகிறது. கப்ளரை மாட்டினால் ஓடவில்லை. ஆனால் கப்ளரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறதே, அப்புறம் ஏன்?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்பிப்போய் நல்ல மோட்டாரைத் தூக்கிப் போடுகிறார்கள். மீட்டர் காட்டுவது வோல்டேஜ். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. அதனால் வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 காட்டும். ஃபேன் மோட்டாருக்கு வண்டியைப் பொறுத்து 8 ஆம்பியரோ அதற்கு மேலோ வேண்டும். அந்த ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது.

மீட்டரை ஓரமாக வையுங்கள். இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். ஃபேன் வர வேண்டிய நேரத்தில் அதைக் கப்ளரின் இரண்டு பின்னிலும் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை ஓரளவு நல்லது. மங்கினாலோ எரியாவிட்டாலோ, பல்பின் நெகட்டிவ் முனையை மட்டும் எடுத்து நேராகப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது எரிகிறதா? அப்படியானால் எர்த் போய்விட்டது. இன்னும் மங்கல்தான் என்றால் பாசிட்டிவ் வரும் வழியில் கோளாறு.

எர்த் வயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முன்பக்கம் ஹெட்லைட் அருகே இருக்கும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும்; கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கப்ளரின் உள்ளேயும் பாருங்கள். பின் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தால் அந்தக் கப்ளரை மாற்றியே ஆக வேண்டும். கத்தியால் சுரண்டி மாட்டினால் சில வாரத்தில் அதே கதை.

கேள்வி (கரூர், சான்ட்ரோ): அண்ணே, ஃபேன் வராதபோது ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டார் மேல் ஒரு தட்டு தட்டினால் ஓடுகிறது. இப்படியே ஓட்டலாமா?

எத்தனை நாளைக்குத் தம்பி? உள்ளே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்து, சுற்றுகிற செப்பு வளையமான கம்யூட்டேட்டரில் சரியாக உட்காராமல் நிற்கிறது. தட்டினால் அசைந்து உட்காருகிறது. கூடவே ஃபியூஸும் அடிக்கடி போகிறது என்றால் புஷ்ஷும் (மோட்டார் தண்டு சுற்றுகிற உலோக வளையம்) இறுகியிருக்கும். வண்டியை அணைத்து, நெகட்டிவைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் இரண்டு மூன்று சுற்று போய் நிற்க வேண்டும். பிரிக்க முடிந்த மோட்டாராக இருந்தால் கார்பனும் புஷ்ஷும் மாற்றலாம், செலவு குறைவு. காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கிற செப்புக் கம்பி, கருகியிருந்தால் புது மோட்டார்தான். அந்தக் காயிலைப் புதிதாகக் கட்டி வாங்கிய மோட்டாரை நான் நம்புவதில்லை. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் தாங்கும், வயர் தாங்காது.

கேள்வி (சேலம், எம்.பி.எஃப்.ஐ. கார், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சுகிற வண்டி): ஏ.சி. போட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது. ஏ.சி. இல்லாமல் எவ்வளவு சூடானாலும் வருவதில்லை.

நல்ல தகவல் கொடுத்திருக்கிறீர்கள். மோட்டார், எர்த், ஃபியூஸ் மூன்றும் நல்லது என்று ஏ.சி.யே சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது சூட்டை அளந்து சொல்கிற சென்சாரும் அதன் வயரும். கூலண்ட் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்யுங்கள், அல்லது இன்ஜினை ஓட விடுங்கள். சென்சார் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக்காகக் கம்ப்யூட்டரே ஃபேனைப் போடும். பல வண்டிகளில் அப்படித்தான். செக் இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். இப்படிக் கழற்றினால் ஃபேன் வருகிறது, மாட்டினால் வருவதில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது. ஸ்கேனர் உள்ளவரிடம் போனால் இன்னும் சுலபம். நன்றாகச் சூடான இன்ஜினுக்கு 60 டிகிரி என்று காட்டினால் விஷயம் முடிந்தது. சில வண்டிகளில் ஏ.சி.க்குத் தனி ரிலே இருக்கும். அதே அளவுள்ள ஹார்ன் ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இடத்தில் மாட்டிப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை.

கார்புரேட்டர் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, சூடானால் தானாக ஆன் ஆகிற வெறும் தெர்மோ சுவிட்ச். இரண்டு வயர் இருந்தால் சாவியை ஆனில் வைத்து இரண்டையும் சேர்த்துத் தொடுங்கள். ஒற்றை வயர் என்றால் அதைப் பாடியில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. ஒற்றை வயரைத் தொட்டதும் ஃபேன் வராமல் முள் மட்டும் ஒரேயடியாக எகிறினால், நீங்கள் பிடித்திருப்பது மீட்டருக்குப் போகிற வயர். பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): புது மோட்டார் போட்ட பிறகு ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. சூடு மட்டும் குறையவில்லை, முன்பைவிட அதிகம்.

வயர் மாறியிருக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்க வேண்டும். பாசிட்டிவும் நெகட்டிவும் மாறினால் எதிர்த்திசையில் சுற்றி இன்ஜின் சூட்டையே ரேடியேட்டருக்குள் தள்ளும். ஃபேன் ஓடும்போது முன் கிரில்லில் ஒரு செய்தித்தாள் துண்டை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் வயரை மாற்றுங்கள். ஒட்டியும் சூடு என்றால், பழைய மோட்டாரைக் கழற்றும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூட்டைத் திரும்ப மாட்டினார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி (ஈரோடு): டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை டைரக்ட் ஆக்கிவிடலாம், தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறாராம்.

செய்திருப்பார். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க சுவிட்ச் சரி. நானும் போட்டுக் கொடுப்பேன், ரிலேயோடு. ரிலே இல்லாமல் நேராக இக்னிஷன் வயரில் ஜாயின்ட் போட்டால் சாவி சுவிட்ச் உருகிவிடும். நிரந்தரமாக அப்படியே விட்டால் ஒருநாள் நீங்கள் போட மறப்பீர்கள், அல்லது வண்டியை இன்னொருவர் எடுத்துப் போவார். தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்குச் சம்மதமே இல்லை. இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு அது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அதைக் கழற்றினால் இன்ஜின் சீக்கிரம் சூடேறாது. கம்ப்யூட்டரும் குளிர் இன்ஜின் என்று நினைத்து பெட்ரோலை அதிகமாக ஊற்றும். மைலேஜ் போச்சு.

கேள்வி (நாமக்கல், டீசல் அம்பாசடர்): என் வண்டியில் ஃபேன் மோட்டாரே இல்லையே?

இருக்காது. உங்களுடையது பெல்ட் இழுக்கிற ஃபேன். பெல்ட் இறுக்கத்தையும், இறக்கையில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பொலேரோ, குவாலிஸ் மாதிரி வண்டிகளில் நடுவே, சூடேறினால் ஃபேனை இறுகப் பிடிக்கிற விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில் அணைத்துவிட்டுக் கையால் சுற்றினால் நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். லொடலொடவென்று சுற்றினாலோ, கிளட்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ அது போய்விட்டது.

கேள்வி (ராசிபுரம்): கொல்லிமலை ஏறும்போது பாதி வழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

70 கொண்டை ஊசி வளைவு, முழுக்க முதல், இரண்டாம் கியர். எதிர்க்காற்று இல்லை, இன்ஜினுக்கோ முழு வேலை. ஃபேன் கொஞ்சம் சோம்பினாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். உடனே ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், முள் இறங்கும். இறங்காவிட்டாலோ ஆவி தெரிந்தாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். அந்த மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி இறுகி இல்லாமல் தளர்ந்த பிறகு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, ஹெட் (இன்ஜினின் மேல்மூடிப் பகுதி) வெடிக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஃபேன் சரியாக வருகிறது, ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட் புதிது. இருந்தும் சூடாகிறது. ரிசர்வ் டப்பாவில் குமிழ் வந்துகொண்டே இருக்கிறது.

கூலண்டை மாற்றியபோது உள்ளே சிக்கிய காற்றாக இருந்தால் ஓட்ட ஓட்டக் குமிழ் நின்றுவிடும். நிற்கவில்லை, கூலண்டும் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் இறுகுகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போய்விட்டது. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். ஹெட்டைக் கழற்றும்போது லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட் நிற்காது.