பேத்தி கேட்பது ஒரு பெட்டி

கேள்வி: படிவம் 2 படிக்கும் என் பேத்தி, பள்ளிக் கழிப்பறையில் மாதவிடாய்க்கான இலவச ‘பேட்’ பெட்டி வைக்கவேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள். கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு இந்தப் போராட்டம் எதற்கு?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஐயா, நீங்கள் பெயரை மறைத்துக்கொண்டீர்கள். உங்கள் பேத்தி மறைக்கவில்லை.

அவள் வயதுக்கு வந்தபோது மண்டபம் பிடித்து, வாசலில் படம் போட்டுப் பதாகை கட்டி, ஊரைக் கூட்டி மஞ்சள் நீர் ஊற்றியிருப்பீர்கள். அன்று போகாத மானம் இன்று ஒரு பெட்டியால் போகிறதா? 2022 பட்ஜெட்டில் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களின் 130,000 இளம்பெண்களுக்கு பேட் கொடுப்பதாக நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் வாய்விட்டு அறிவித்தார். அவரைப் பார்த்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். காலை ஆறு மணிக்குப் பள்ளி பஸ் ஏறும் தோட்டத்துப் பிள்ளை வீடு திரும்பப் பிற்பகல் இரண்டரை ஆகும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்றவேண்டும். ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய இருபது. வீட்டில் அம்மா, இரண்டு பெண்கள் என்றால் அறுபது. செம்பனைக் காட்டுச் சம்பளத்தில் முதலில் அரிசி, பிறகு எண்ணெய், பஸ் காசு, பேட் கடைசி. அதனால் ஒன்றையே நாள் முழுக்க வைத்துக்கொண்டு, சுவெட்டரை இடுப்பில் கட்டி, ஓய்வு நேரத்திலும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பாள். இல்லையென்றால் ‘காய்ச்சல்’ என்று லீவுக் கடிதம். படிப்பு கெடுவது எதனால் என்று இப்போது சொல்லுங்கள். (2015 ஏப்ரலிலிருந்து மூன்று வருஷம் பேட்டுக்கும் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி கட்டினோம். அதற்கு எந்தக் கடைத்தெருவும் சிரிக்கவில்லை.)

உங்கள் அம்மா காலத்தில் விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற பெண்கள், பழஞ்சேலைக் கிழிசலோடுதான் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போனார்கள். அந்தத் துணியைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால், வேறு துணிக்கு அடியில், வெயில் படாமல் காயப்போட்டார்கள். கேட்க நாதியில்லை.

பேத்தியிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. பெட்டி ஒரு வாரத்தில் காலியாகும். யார் நிரப்புவது, எந்தக் காசில்? அதை எழுதிக்கொண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். மூடி போட்ட குப்பைத் தொட்டியும் சோப்பும் சேர்த்தே கேட்கட்டும்.

அது சரி, அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லையே.