ஐந்து கிலோமீட்டர் உள்ளே தனிவீடா, ஸ்டேஷன் பக்கத்தில் ஃப்ளாட்டா?

கேள்வி: நங்கநல்லூரில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். எனக்கு வயது 36, கணவருக்கு 38. நான் கிண்டியிலும் அவர் தாம்பரத்திலும் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு 1,15,000 ரூபாய் வருகிறது. மகன் ஒன்றாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். சேமிப்பு 20 லட்சம். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் 5 கி.மீ. உள்ளே புதுத் தனிவீடு 55 லட்சத்துக்கு வருகிறது. பெருங்களத்தூரில் ஸ்டேஷனுக்கு நடந்தே போகிற தூரத்தில் பத்து வருடப் பழைய ஃப்ளாட் 59 லட்சம். “தனிவீடு என்றால் மண் நம்முடையது” என்கிறார் கணவர். எதை வாங்கலாம்?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: ஃப்ளாட்டை வாங்குங்கள். ஆனால் அட்வான்ஸ் இப்போது வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும்.

நீங்கள் 55-ஐயும் 59-ஐயும் ஒப்பிடுகிறீர்கள். புறநகரில் வீட்டுக்குக் கொடுக்கும் விலை ஒன்று, அந்தத் தெருவில் குடியிருக்க மாதாமாதம் கொடுப்பது இன்னொன்று. புரோக்கர் இரண்டாவதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

முத்திரைத்தாள் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு சேர்த்தால் தனிவீடு ஏறத்தாழ 60 லட்சம், ஃப்ளாட் 64 லட்சத்துக்குச் சற்று மேல். (பெண் பெயரில் பதிந்தால் 1 விழுக்காடு குறையும் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான்.) இரண்டுக்குமே கையிலிருந்து சுமார் 18 லட்சம் போட்டால், தனிவீட்டுக்கு 42 லட்சமும் ஃப்ளாட்டுக்கு 46 லட்சமும் கடன் வேண்டும். 8.5 விழுக்காடு வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை முறையே 36,450, 39,920 ரூபாய். வித்தியாசம் 3,500-க்குள்.

இனி தெருவின் கணக்கு. தொகைகள் என் உத்தேசம், உங்கள் நிலவரத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து கி.மீ. உள்ளே இருந்தால் ஆளுக்கொரு வண்டி வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பப்போவதில்லை. பெட்ரோலும் ஸ்டேஷன் பார்க்கிங்கும் இருவருக்குமாக 2,000. மழை நாளும் இரவு நேரமும் ஆட்டோ, 1,200. பள்ளி வேன் 2,200. கோடையில் வாங்கும் லாரித் தண்ணீர், அவ்வப்போது கூப்பிடும் கழிவுநீர் லாரி இரண்டையும் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் இன்னொரு 600. ஆக 6,000 ரூபாய். ஃப்ளாட்டில் பராமரிப்புக்கு 2,500 போகும். பள்ளியை நடக்கும் தூரத்தில் பார்த்துவிட்டால் வேன் செலவு இல்லை. அந்த 3,500 இங்கேயே நேராகிவிடுகிறது. அதோடு, வட்டி ஏறி இறங்கினாலும் கடன் ஒரு நாள் தீரும். வேன் கட்டணமும் பெட்ரோலும் தீராது, ஏறிக்கொண்டேதான் போகும்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டடம் தேயும், மண்தான் ஏறும். ஃப்ளாட்டில் உங்களுக்கு வருவது யுடிஎஸ் என்கிற, மண்ணில் பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. கடன் முடியும்போது அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயது ஆகியிருக்கும். ஆனால் மண்ணின் ஏற்றம் விற்றால்தான் பணம். குடியிருக்கும் ஒரே வீட்டை நீங்கள் விற்கப்போவதில்லை. முதலீட்டுக்காக மனை வேண்டுமென்றால் அதைப் பிறகு தனியாக யோசிக்கலாம்.

கிளாம்பாக்கத்துக்கும் சேர்த்து விலை சொல்வார்கள், அதற்கு மயங்காதீர்கள். பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-லேயே திறந்தாயிற்று. அதன் பலன் ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோ வரும் என்ற பேச்சுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பயன்படுவது இதைவிடச் சாதாரணமான விஷயம். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கினால், ஒரே ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பெருங்களத்தூருக்கு ஜி.எஸ்.டி. சாலையில் ஏதாவது ஒரு பஸ் கிடைக்கும். கூடுவாஞ்சேரி இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி, அதன் பிறகும் 5 கி.மீ. அந்த நேரத்தை நான் ரூபாயாக்கவில்லை. அது மகனோடு இருக்க வேண்டிய நேரம்.

மாமியாரையும் கணக்கில் சேருங்கள். அவர் யாரையும் எதிர்பார்க்காமல் நடந்துபோய்த் தயிர் வாங்கி வர முடியுமா, மாலையில் கோயிலுக்குப் போய்வரும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா? இரண்டு இடத்துக்கும் இரவு எட்டு மணிக்கு அவரோடு போய்ப் பாருங்கள். பகலில் எல்லா நகரும் அழகாகத்தான் இருக்கும்.

இப்போது மழைக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம். பெருங்களத்தூரின் மேற்குப் பக்கம் அவற்றுக்கு அடுத்தாற்போல்தான். உங்கள் ஃப்ளாட் ரயில் பாதைக்குக் கிழக்கா மேற்கா என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்கு என்றாலும் ஏரி, ஓடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருடங்களிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். பிறகு கனமழை பெய்த மறுநாள் நீங்களே போய் நில்லுங்கள். தரைத்தளச் சுவரில் ஓதம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு அடித்து மறைக்க முடியாது. முழங்கால் தண்ணீர் நின்றால், 50 லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

காத்திருக்கும் மாதங்களில் இன்னொரு வேலை. தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 22,000 ரூபாய். அதை மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள். குடும்பம் திணறாமல் ஓடினால் 46 லட்சம் கடனைத் தாங்குவீர்கள். திணறினால் இன்னும் ஒரு வருடம் வாடகையிலேயே இருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 18 லட்சம் போட்டபின் கையில் மிஞ்சுவது 2 லட்சம்கூட இருக்காது. ஒருவருக்கு வேலை போனால் ஐந்து மாதத் தவணைக்குக்கூடப் போதாது. இந்த ஆர்.டி. அந்த ஓட்டையையும் ஓரளவு அடைக்கும்.

பொங்கலுக்குப் பிறகு விலை பேசுங்கள். வில்லங்கச் சான்றிதழும் தாய்ப்பத்திரமும் வழக்கறிஞர் பார்க்கட்டும். போன கோடையில் எத்தனை லோடு தண்ணீர் வாங்கினார்கள், லிஃப்டுக்கும் வெளிச்சுவர்ப் பூச்சுக்கும் சங்கத்தின் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று நீங்கள் கேளுங்கள். சங்கத்தில் பணமே இல்லையென்றால் அதைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்லலாம். குறையும் தொகையைக் கடனில் கழிக்காதீர்கள், அவசரத்துக்கென்று வங்கியிலேயே இருக்கட்டும்.