ஒரு பக்கத்து பேட்டரி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப இறங்குகிறது?

கேள்வி: பெங்களூரு யஷ்வந்த்பூர் மார்க்கெட்டிலிருந்து சேலத்துக்கு வெங்காயம் ஏற்றும் பிஎஸ்-6 லாரி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் நின்றால் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. நான்கு மாதத்துக்கு முன் மாற்றிய பேட்டரியே மறுபடியும் இறங்கியிருக்கிறது. பக்கத்திலுள்ள பழையது நன்றாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், டைனமோவை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டைனமோ சார்ஜ் தராவிட்டால் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்தே இறங்கும். ஒன்று மட்டும் இறங்குவதால், அந்த ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எங்கோ போகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பாட்டு செட், செல்போன் சார்ஜர், சாமி படத்துச் சீரியல் விளக்கு ஆகியவற்றுக்கு 12 வோல்ட் போதும் என்பதால், இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் குறுக்கு வயரிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கொடுப்பது நம் லாரிகளில் ஊறிப்போன பழக்கம். அப்படி எடுக்கும் கரண்ட் முழுவதும் எர்த் பக்கத்து பேட்டரியிலிருந்தே, அதாவது நெகட்டிவ் சேஸிஸில் இணைந்திருக்கும் பேட்டரியிலிருந்தே போகிறது. டைனமோவுக்கோ இரண்டின் கூட்டு வோல்டேஜ் மட்டுமே தெரியும். ஆகவே அது மொத்தம் 28 வோல்ட் காட்டி நிம்மதியாக இருக்கும்போது, இறங்கிய பேட்டரி 13 வோல்ட்டில் அரைகுறையாக நிற்க, நிறைந்திருக்கும் மற்றொன்று 15 வோல்ட் வாங்கிக் கொதித்துத் தண்ணீரை இழக்கிறது. நன்றாக இருப்பதாக நீங்கள் சொல்லும் பழைய பேட்டரியின் மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அதுவும் தேறாது.

இதை உறுதி செய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஒவ்வொரு பேட்டரியும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்தால் மொத்தம் 27.5 முதல் 28.5 வரையும், தனித்தனியே ஏறத்தாழ 14-ம் காட்ட வேண்டும். மொத்தம் சரியாக இருந்து, தனித்தனி அளவுகள் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால், பெரும்பாலும் குற்றவாளி குறுக்கு வயரிலிருந்து இழுத்த அந்தக் கம்பிதான். அதை எடுத்துவிட்டு 24-லிருந்து 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். பேட்டரிகளையும் ஒரே வகையில், ஒரே நாளில் ஜோடியாக மாற்றுங்கள். மொத்தமே 26-ஐத் தாண்டாவிட்டால் பெல்ட் தொய்வையும் எர்த் வயரையும் பார்த்த பிறகு டைனமோவுக்கு வரலாம்.

மெக்கானிக் செய்த சோதனை கார்புரேட்டர் காலத்து வித்தை. ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்றினால் டைனமோவின் வோல்டேஜ் கணப்பொழுதில் நூறைக்கூடத் தாண்டக்கூடும். பிஎஸ்-6 வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அதில் எரிந்தால் வரும் செலவில் பல டைனமோக்கள் வாங்கலாம். கொதிக்கும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்பதால் கழற்றும்போது எழும் ஒரு பொறியே அதை வெடிக்க வைக்கும் என்பது இன்னொன்று. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறினால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸைத் தொட்ட மாத்திரத்தில் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம்; அடுத்த முயற்சிக்கு ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பேட்டரியை விட்டுவிட்டு டீசல் ஃபில்டரையும், டீசல் லைனில் காற்று அடைத்திருக்கிறதா (ஏர் லாக்) என்பதையும் பார்க்க வேண்டும். யார்டில் நிறுத்தும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நல்லதுதான். ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலுக்கான பம்ப் தன் லைனைக் காலி செய்ய நேரம் எடுத்துக்கொள்வதால், வண்டிக் கையேட்டில் சொன்ன நேரம் கழிந்த பிறகே அணையுங்கள்.