நூலகர் சம்பளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நூலக அறிவியலில் முதுகலை முடித்து, கல்லூரிப் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வான செட்டிலும் தேறியிருக்கிறேன். பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில் நூலகர் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 18,000 ரூபாய் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ‘கூடக் கேட்டிருக்கலாமே’ என்கிறார் அப்பா. புத்தகங்களோடு இருக்கப்போகிற வேலையில் பணம் பேசக் கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் கேட்கலாமா?

க.

அன்புள்ள க.,

கேட்கலாம். அசல் சான்றிதழ் கைமாறும்வரை தாராளமாகக் கேட்கலாம்.

கூச்சம் எதற்கு? இந்திய நூலக அறிவியலின் தந்தை என்கிறார்களே, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானது புத்தகக் காதலால் அல்ல. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தார், சம்பளம் போதவில்லை, நூலகருக்குக் கூடுதல் என்று விண்ணப்பித்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தத் தனிமை பொறுக்காமல் பழைய வேலையைக் கேட்டுப் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் வாத்தியார் வேலை உண்டு என்று பேசி அனுப்பினார்கள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ புத்தகம் 1931இல்தான் வருகிறது. அதற்கு முன்னால் நடந்தது இந்தப் பேரம்.

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதத்தில் உங்கள் தகுதிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். உதவிப் பேராசிரியருக்கும் அதேதான். சுயநிதிக் கல்லூரியில் அந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ‘இங்கே புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு என்ன தருகிறீர்களோ அது எனக்கும்’ என்றால் சிரிக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். ‘லைப்ரரியில என்ன சார் வேலை, உக்காந்து புக் எடுத்துக் குடுக்கணும்’ என்றார் தாளாளர். மாலையில் நூலகத்தை எட்டிப் பார்த்தேன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரப்போகிறது என்று நூலகரம்மா தரையில் அமர்ந்து, வாங்கிய புத்தகங்களைப் பதியும் அக்செஷன் ரெஜிஸ்டரை வரிவரியாகக் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தார். பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி விரல்நுனியில் பசை காய்ந்து உரிந்தது. தாளாளர் அந்தப் பக்கம் வருவதே இல்லையாம். நீங்கள் பேசப்போவதும் இப்படிப்பட்ட ஒருவரிடமாக இருக்கலாம். ‘புத்தகம்னா உயிர்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அதைச் சொன்னவுடன் ஆயிரம் ரூபாய் குறைத்துவிடுவார்கள். கோஹா தெரியுமென்றால், நாக் கோப்புகளைத் தயாரிக்க முடியுமென்றால், அதைச் சொல்லுங்கள்.

18,000 என்பது பிடித்தம் போகவா என்றும் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று போட்டால் வைப்புநிதிக்கு உங்கள் பங்காக மட்டும் 1,800 போகும். நிர்வாகத்தின் பங்கையும் அந்தப் 18,000க்குள்ளேயே அடக்கிக் கணக்குக் காட்டுகிற இடங்களும் உண்டு. சனிக்கிழமை, தேர்வு நாட்களின் மாலை நேரம், எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட மே மாதம் ஆகியவற்றில் நூலகத்தைத் திறந்துவைப்பது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தை உயர்த்தவே முடியாது என்றால், ஆறு மாதம் கழித்து உயர்த்துவதாக நியமன ஆணையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். ‘இங்கேயே இருக்கட்டும்’ என்று கை நீட்டினால் ரசீது கேளுங்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கே கையெழுத்து வாங்குகிற வேலைக்குத்தானே போகிறீர்கள்.