வாடகை வீட்டுக்கு எந்த பொயிலர்? முதல்ல குசினி பைப்பைத் திறந்து பாருங்கோ

லண்டன் ஈஸ்ட்ஹாமில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. மூண்டு அறை டெரஸ் வீடு, வாடகைக்கு விட்டிருக்கிறா, தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள் அம்மம்மா எண்டு அஞ்சு பேர் இருக்கினம், மேல ஒரே ஒரு பாத்ரூம். பொயிலருக்கு இருவது வயசுக்கு மேல, கபேட்டுக்குள்ள செம்பு சிலிண்டர், லொஃப்டில தண்ணித் தாங்கி. போன மாரிக்குள்ள ரெண்டு தரம் நிண்டு போச்சாம். பார்க்க வந்த பில்டர் "40 கிலோவாற் கொம்பி போடுங்கோ, பிறகு பிரச்சினையே வராது" எண்டிருக்கிறார் (கொம்பி எண்டது சிலிண்டரும் தாங்கியும் இல்லாத பொயிலர்), ஏஜென்ற் "வாடகை வீடுதானே, ஆக மலிவானதைப் போட்டு விடுங்கோ" எண்டிருக்கிறார். ஆர் சொல்லுறதைக் கேக்கிறது, காஸ் இல்லாமல் வெளிக்காத்தின்ர சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கிற ஹீட் பம்ப் எண்டு கதைக்கினமே, அதுக்காகப் பொறுக்கவோ எண்டதுதான் அக்காவின்ர கேள்வி.

அக்கா, ரெண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. ரெண்டு பேருமே அந்த வீட்டுத் தண்ணியை அளந்து பாக்கேல்ல. நீங்கள் ஒருநாள் பின்னேரம் ஆறு ஏழு மணி போல, அக்கம்பக்கத்தில எல்லாரும் தண்ணி பாவிக்கிற நேரமாப் போய், குசினியில குளிர் தண்ணிப் பைப்பை முழுசாத் திறந்து, ஒரு லீற்றர் ஜக் நிரம்ப எத்தினை செக்கன் எடுக்குது எண்டு ஃபோனில பாருங்கோ. 4 செக்கன் எண்டால் நிமிசத்துக்கு 15 லீற்றர், 6 எண்டால் 10, 7 எண்டால் எட்டரை லீற்றர். எந்த பொயிலர் எண்டதில பாதி முடிவு அந்த ஜக்கிலதான் இருக்கு.

ஏனெண்டால் கொம்பி பொயிலர் சுடுதண்ணியைச் சேர்த்து வைக்கிறேல்ல, றோட்டில இருந்து வாற தண்ணியை அப்பிடியே ஓட ஓடச் சூடாக்கித் தருது. மாரியில 7 பாகையில வாற தண்ணியை 42க்கு ஏத்த வேணும், அது 35 பாகை. அதுக்கு 24 கிலோவாற் கொம்பி நிமிசத்துக்கு 10 லீற்றர் மட்டிலதான் தரும், 30 கிலோவாற் 12 லீற்றர், 40 எண்டால் 16. இப்ப உங்கட றோட்டுக் குழாயே 9 லீற்றர்தான் தருது எண்டால் 40 கிலோவாற் போட்டு என்ன பிரயோசனம், பொயிலரால தண்ணியை உண்டாக்க ஏலாதே.

இல்ஃபோர்ட் பக்கம் ஒரு வீட்டில நான் இதைக் கண்ணால பாத்தனான். புத்தம் புது பெரிய கொம்பி, பூட்டி ஆறு கிழமை கூட ஆகேல்ல, மேல ஷவரில நூல் மாதிரித் தண்ணி வருது, கீழ ஆரும் குசினிப் பைப்பைத் திறந்தால் அதுவும் நிண்டு போகுது. கைக்குழந்தையோட ஒரு பிள்ளை அங்க வாடகைக்கு இருந்தவ, குழந்தையைக் குளிக்க வாக்கிறதுக்கு குசினியில கேத்திலில தண்ணி கொதிக்க வைச்சுக்கொண்டு நிண்டவ. நான் வீட்டுத் தண்ணியை மூடுற ஸ்டொப்கொக்கடியில குனிஞ்சு பாத்தால் நிலத்துக்குள்ள இருந்து வாறது பழைய ஈயக் குழாய், அதிலயும் பக்கத்து வீட்டோட பங்கு. பழைய லண்டன் டெரஸ் வீடுகளில இது நிறைய இருக்கு. அந்த வீட்டில முதல் இருந்த தாங்கியும் சிலிண்டரும் அந்தக் குறையைத்தான் இவ்வளவு காலமும் மறைச்சுக்கொண்டிருந்தது, அதைக் கழட்டி எறிஞ்ச உடன குறை வெளிய வந்திட்டுது.

அதால உங்களுக்கு நான் சொல்லுறது இதுதான். ஜக் 5 செக்கனுக்குள்ள நிரம்புது எண்டால், ஒரு பாத்ரூம் வீட்டுக்கு 28 இல்லாட்டி 30 கிலோவாற் கொம்பி நல்லாக் காணும். 6, 7 செக்கனுக்கு மேல போனால் கொம்பியை மறந்திட்டு சிலிண்டரை வைச்சிருங்கோ, பழைய பொயிலரின்ர இடத்தில அதே மாதிரியான புது பொயிலர் போடலாம், இல்லாட்டி தண்ணிக் கொம்பனியோட கதைச்சு அந்த ஈயக் குழாயை முதல்ல மாத்துங்கோ. பிற்காலத்தில லொஃப்டைக் கட்டி ரெண்டாவது பாத்ரூம் போடுற எண்ணம், அறை அறையா விடுற எண்ணம் இருக்கெண்டால் கொம்பி சரிவராது, விடிய ஏழு மணிக்கு ரெண்டு ஷவர் ஒண்டா ஓடினால் ரெண்டு பேருக்கும் குளிர்தான். அப்ப சிலிண்டரைச் சூடாக்கிற சிஸ்டம் பொயிலரும் பிரஷரில வேலை செய்யிற பெரிய சிலிண்டரும் வேணும், அதுக்கும் றோட்டுத் தண்ணி நல்லா வரவேணும், அந்தச் சிலிண்டரைப் பூட்டுறதுக்கு ஜி3 எண்ட தனித் தகுதி உள்ள ஆளாப் பிடியுங்கோ.

கிலோவாற் கூடினால் வீடு கூடச் சூடாகும் எண்டு கனபேர் நினைக்கினம். அப்பிடியில்ல. உங்கட மாதிரி மூண்டு அறை டெரஸ் வீட்டைச் சூடாக்க கடுங்குளிரில கூட 6, 8 கிலோவாற் அளவுதான் வேணும், மிச்சம் எல்லாம் சுடுதண்ணிக்கு. அதாலதான் நான் பொயிலரின்ர ஆகக் கூடின அளவை விட ஆகக் குறைஞ்ச அளவைத்தான் முதல்ல பாப்பன், எவ்வளவு கீழ இறங்கி மெதுவா எரியுதோ அவ்வளவுக்கு அடிக்கடி நிண்டு நிண்டு எரியாது, காசும் மிஞ்சும், பாட்ஸும் கனகாலம் இருக்கும். இன்னொண்டு, பெரிய கொம்பிக்கு காஸும் கூட வேணும். உங்கட வீட்டில பழைய பொயிலருக்கு 15 மில்லிமீற்றர் குழாய் போயிருந்தால் பெரும்பாலும் மீற்றரில இருந்து 22 போட வேண்டி வரும், நிலப்பலகை கழட்டுற வேலை. பில்டர் தந்த விலையில அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையெண்டால் அவர் அதைக் கணக்கெடுக்கேல்ல. அவரிட்ட காஸ் வேலை செய்யப் பதிஞ்ச ஆள் எண்டு காட்டுற காஸ் சேஃப் கார்ட் இருக்கோ எண்டும் கேளுங்கோ, கார்ட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கோ, அவர் என்னென்ன வேலை செய்யலாம் எண்டு அதிலதான் இருக்கும். கார்ட் இல்லாத ஆளைக் கையே வைக்க விடக்கூடாது.

மலிவானது போடுறதைப் பற்றி. வாடகை வீட்டில பொயிலர் பழுதானால் ஹீட்டிங்கும் சுடுதண்ணியும் திருத்திக் குடுக்கிறது உங்கட கடமை, 1985ம் ஆண்டு வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின்ர 11ம் பிரிவு அதைத்தான் சொல்லுது, எக்ரிமென்றில வேற மாதிரி எழுதி வாடகைக்கு இருக்கிற ஆக்களின்ர தலையில போட ஏலாது. அப்ப வெள்ளிக்கிழமை இரவு பொயிலர் நிண்டால், சனி விடிய பக்கத்துக் கடையில பாட்ஸ் எடுக்கக்கூடியதா இருக்கோ எண்டதுதான் உங்களுக்கு முக்கியம். வூஸ்டர் பொஷ், வேலண்ட், ஐடியல், பக்ஸி மாதிரி இங்க எல்லாருக்கும் பழக்கமானதில நடுத்தரமான ஒண்டை, நீண்ட வொரண்டியோட எடுங்கோ. இதுக்குள்ள எது திறம் எண்டு சண்டை பிடிக்கிறதை விட ஆர் பூட்டுகினம் எண்டதைப் பாருங்கோ. பூட்ட முதல் ரேடியேற்றர் எல்லாம் கழுவ வேணும். உங்கட பழைய சிஸ்டத்தில ஒரு வால்வைத் திறந்தால் மை மாதிரிக் கறுப்புத் தண்ணி வரும், அது இரும்புத் துரு, ரேடியேற்றர் மேல சுட்டு அடியில குளிரா இருந்தால் இதுதான் காரணம். அதைக் கழுவாமல் புது பொயிலருக்குள்ள விட்டால் பம்பும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் கெதியாப் பழுதாகும். கழுவி, துருப்பிடிக்காமல் இருக்க மருந்து விட்டு, காந்த ஃபில்ற்றரும் பூட்டச் சொல்லுங்கோ. லண்டன் தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்திலின்ர அடியைப் பாத்தால் விளங்கும், அதுக்கும் குளிர்தண்ணி வாற குழாயில ஒரு தடுப்பு வேணும். தாங்கியைக் கழட்டி பிரஷர் சிஸ்டமாக்கினால் பழைய ரேடியேற்றர் சிலது ஒழுகவும் கூடும், அதுக்குக் கொஞ்சக் காசை ஒதுக்கி வையுங்கோ.

தெர்மோஸ்ராற்றை அம்மம்மாவை நினைச்சு எடுங்கோ. 2018 ஏப்ரலில இருந்து இங்கிலாந்தில கொம்பி பூட்டினால் நேரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்துற கொன்ட்ரோலோட இன்னொரு மிச்சப்படுத்துற வசதியும் வேணும் எண்டு விதி, அதுக்கு வைஃபையில ஓடுற ஒண்டைத்தான் நிறையப் பேர் விக்கினம். வைஃபை வாடகைக்கு இருக்கிற ஆக்களின்ர, அவை மாறினால் பாஸ்வேர்டும் மாறும், பிறகு உங்களுக்குத்தான் கோல் வரும். பொயிலர் செய்த அதே கொம்பனியின்ர லோட் கொம்பென்சேசன் (வீடு சூடாக ஆகப் பொயிலரைத் தானா மெதுவாக்கிற வசதி) உள்ள, பெரிய எழுத்துத் தெரியிற, கையால திருப்பிற ஒண்டு போதும், விதிக்கும் அது சரி.

பொயிலரில இருந்து வெளிய போற சின்னப் பிளாஸ்ரிக் குழாயையும் கவனியுங்கோ. அதுக்குள்ளால போற தண்ணி பனிக்காலத்தில உறைஞ்சால் பொயிலர் நிண்டிடும், குளிர் கூடின விடியப்புறத்தில எனக்கு வாற கோலில கனக்க இதுதான். ஏலுமெண்டால் வீட்டுக்குள்ளாலயே வடிகாலுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கோ, வெளிய போறதெண்டால் 32 மில்லிமீற்றர் குழாய், மேல உறை, நேரா கீழ இறங்க வேணும். உறைஞ்சால் இளஞ்சூட்டுத் தண்ணி மட்டும் ஊத்தச் சொல்லி, பிரஷர் 1 பாருக்குக் கீழ போனால் எப்பிடி ஏத்திறது எண்டும் தமிழில எழுதி பொயிலருக்குப் பக்கத்தில ஒட்டி விடுங்கோ.

வருசா வருசம் காஸ் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், றெக்கோர்ட்டை 28 நாளுக்குள்ள வாடகைக்கு இருக்கிற ஆக்களிட்ட குடுக்க வேணும், முடியிற திகதிக்கு ரெண்டு மாதம் முதலே செய்தாலும் பழைய திகதி மாறாது. ஆனால் அது சேர்விஸ் இல்ல. சேர்விஸ் செய்யாட்டி வொரண்டி போயிடும், ரெண்டையும் ஒரே நாளில செய்விக்கலாம். கார்பன் மொனொக்சைட் அலாமை பொயிலர் இருக்கிற அறையில பூட்டுங்கோ, 2022 ஒக்ரோபரில இருந்து விதியும் வந்திட்டுது, அலாம் இருவது பவுண்தான், அந்த வாயுவுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல.

ஹீட் பம்புக்கு இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் அரசாங்கம் 7500 பவுண் குடுக்குது, வாடகைக்கு விடுற ஆக்களும் எடுக்கலாம். அதுக்குச் சிலிண்டர் வைக்க இடம் வேணும், அதால கொம்பி போட்டாலும் அந்த கபேட்டைத் தட்டாக்கி விடாதேங்கோ. ஆனால் ஏற்கனவே ரெண்டு தரம் நிண்ட பொயிலரோட, வயசான ஒராளும் பிள்ளையளும் இருக்கிற வீட்டில, இன்னொரு மாரி பாக்க நான் சொல்லமாட்டன். இந்தக் கிழமையே ஜக்கோட போங்கோ அக்கா, எத்தினை செக்கன் எண்டதையும், பொயிலருக்குப் போற காஸ் குழாயின்ர ஒரு படத்தையும் அனுப்புங்கோ, எந்த மொடல் எண்டு அதைப் பாத்திட்டுச் சொல்லுறன்.